வரிசையில் ஓர் இடம்

(பத்தாம் வகுப்பு மாணவி, சமூக சேவைக் குழு)

முன்னுரை

காலையில் முதல் மணி அடித்ததும் நம் பள்ளி முற்றத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அதுவரை ஓடிப் பிடித்து விளையாடிக் கொண்டிருந்த நாம் எல்லாரும், ஒரு நிமிடத்திற்குள் வகுப்பு வாரியாக, உயரத்தின்படி, முன்னால் நிற்பவளுக்கு ஒரு கை நீளம் இடைவெளி விட்டு நின்று விடுகிறோம். சிஸ்டர் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. இதை எப்போது கற்றோம், யார் கற்பித்தார்கள் என்று கேட்டால் நம்மில் ஒருவருக்கும் நினைவில்லை. நினைவில்லாததால் அது எளிது என்று எண்ணிக் கொண்டிருந்தோம். அந்த எண்ணம் தவறு என்பதை எங்களுக்குக் கற்பித்தவர்கள் ஏழு சிறு பிள்ளைகள். அவர்களிடம் கற்ற பாடத்தையே இங்கே எழுதுகிறோம்.

எங்கள் சமூக சேவைக் குழுவில் எட்டுப் பேர் இருக்கிறோம். பள்ளி திறந்த ஜூன் மாதம் முதல், சனிக்கிழமைதோறும் காலையில், திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகில் சிறப்புக் குழந்தைகளுக்காக நடக்கும் ஒரு சிறு வகுப்பில் உதவி செய்து வருகிறோம். அங்கே ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். சிலருக்கு ஆட்டிசம், சிலருக்கு அறிவுசார் குறைபாடு, ஒருவனுக்கு ஓரிடத்தில் நிற்கவொட்டாத துறுதுறுப்பு. இக்கட்டுரையில் அவர்கள் பெயர்களைச் சொல்லவில்லை. அவர்கள் எங்களை அக்கா என்று அழைப்பதால் தம்பி, தங்கை என்றே எழுதுகிறோம்.

வரிசை ஏன் வேண்டும்?

வடசென்னையில் வாழ்கிறவர்களுக்கு வரிசை புதியதன்று. தண்ணீர் லாரிக்கு வரிசை, ரேஷன் கடையில் வரிசை, மருத்துவமனைச் சீட்டு வாங்க வரிசை, திருவிழா நாளில் கோயிலிலும் தேவாலயத்திலும் வரிசை. பள்ளியில் உணவுக்கும் வரிசைதான். 1956-ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-ல் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளாகத் தட்டேந்திய பிள்ளைகள் வரிசையாக நின்றே உணவு பெற்று வருகிறார்கள்.

இனி, வரிசையில் நிற்கத் தெரியாத பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் சுற்றுலாவுக்குப் புறப்படும்போது, “நீ மிஸ்ஸோட இங்கேயே உட்காரு” என்கிறோம். வழிபாட்டுக் கூட்டத்தின்போது வகுப்பறையில் விட்டு விடுகிறோம். ரேஷன் கடையில் அந்தப் பிள்ளையின் தாய் பாதி வரிசையில் வீட்டிற்குத் திரும்பி விடுகிறாள். ஆக, வரிசை என்பது வெறும் ஒழுங்கு மட்டுமன்று. அது ஒரு வாசல். அதில் நுழையத் தெரியாதவர்கள் ஊரில் நடக்கும் பலவற்றுக்கும் வெளியே நின்று விடுகிறார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இவர்கள் வெளியே நிற்கக் கூடாது என்றே சொல்கிறது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஆட்டிசத்தையும் அறிவுசார் குறைபாட்டையும் வைத்தது. குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியிலோ, அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை பெற்றிருக்கிறார்கள். உரிமை வந்து விட்டது. ஆனால் பள்ளிக்குள் வந்த பிள்ளை வரிசைக்குள் வருவது நம் கையில் அல்லவா இருக்கிறது?

நாங்கள் செய்த தவறு

முதல் சனிக்கிழமை எங்களுக்கு மிகுந்த தன்னம்பிக்கை. கையலம்பும் குழாய்க்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வேலையைச் சிறப்பாசிரியை எங்களிடம் ஒப்படைத்தார். “எல்லாரும் லைனா நில்லுங்க!” என்று உரக்கச் சொன்னோம். ஒருவரும் திரும்பவில்லை. கையைப் பிடித்து ஒவ்வொருவராக நிறுத்தினோம். மூன்றாமவனை நிறுத்துவதற்குள் முதலாமவன் சன்னலுக்குப் போய் விட்டான். எட்டு வயதுத் தம்பி ஒருவனைப் பின்னாலிருந்து இரு தோள்களையும் பிடித்து இழுத்தோம். அவன் அலறிக் கொண்டு தரையில் படுத்தான். பிடித்தவளின் கையைக் கடித்தும் விட்டான். பற்குறி இரண்டு நாள் இருந்தது. “கெட்ட பிள்ளை” என்ற சொல் எங்களில் ஒருத்தியின் வாயிலிருந்து வந்து விட்டது. வாசலில் அமர்ந்திருந்த அவன் அம்மா அதைக் கேட்டார். தலையைக் குனிந்து கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் எங்களுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அன்று வீடு திரும்பும் முன் சிறப்பாசிரியை எங்களை உட்கார வைத்துப் பேசினார். எங்களில் ஒருத்தி கேட்டாள்: “மிஸ், இவங்களுக்குப் பிடிக்கலைன்னா எதுக்கு வரிசை? விட்டுடலாமே?” எங்களுடன் வந்திருந்த சிஸ்டர் அதற்கு விடை சொல்லாமல், ஒரு கேள்வியையே திருப்பிக் கேட்டார்: “வரிசைக்காகப் பிள்ளையா, பிள்ளைக்காக வரிசையா? அதை முதல்ல முடிவு பண்ணிக்கோங்க. அப்புறம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறதுன்னு தானா தெரியும்.” அந்தக் கேள்வியை எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொண்டோம்.

அவர்களுக்கு ஏன் கடினம்?

சிறப்பாசிரியை விளக்கிய காரணங்களை எங்களுக்குப் புரிந்த அளவில் தருகிறோம்.

முதலாவது, ‘காத்திரு’ என்ற சொல்லைக் கண்ணால் காண முடியாது. எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பது, முடிவு எங்கே என்று தெரியாத இருட்டு வழியில் நடப்பது போன்றது.

இரண்டாவது, தொடுகை. நமக்குத் தோளில் பட்ட கை வெறும் கைதான். இப்பிள்ளைகளில் பலருக்கு எதிர்பாராத தொடுகை நெருப்புப் பட்டது போல இருக்கும். வரிசையிலோ முன்னும் பின்னும் ஆட்கள்!

மூன்றாவது, மற்றவரைப் பார்த்துத் தானும் அதுபோலச் செய்வது. நாம் முன்னால் நிற்பவளைப் பார்த்து நிற்கிறோம். அப்படிப் பார்த்துச் செய்வது சில பிள்ளைகளுக்குத் தானாக வருவதில்லை.

நான்காவது, ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது. விளையாட்டை விட்டு வரிசைக்கு வா என்றால், அடுத்து என்ன வரும் என்ற அச்சம் அவர்களைப் பிடித்துக் கொள்கிறது.

1943-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து எழுதியபோதே, எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற இவர்களின் விருப்பத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். பின்னர் சில காலம், தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்திற்குக் காரணம் என்று சிலர் சொல்லி வந்தனர். அது முற்றிலும் பொய் என்று தெளிவாகி விட்டது. வட கரோலினா மாநிலத்தில் எரிக் ஷாப்லர் என்பவர் 1972-ல் அமைத்த திட்டத்தில் பெற்றோரையே உடன் ஆசிரியர்களாகச் சேர்த்துக் கொண்டார். காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதை இப்பிள்ளைகள் நன்கு புரிந்து கொள்கிறார்கள் என்பதை அடிப்படையாக வைத்துப் பாடங்களை வகுத்தார். ஆட்டிசம் உடையவரும் கால்நடை அறிவியல் பேராசிரியருமான டெம்பிள் கிராண்டின் அம்மையாரும், தம் எண்ணங்கள் படங்களாகவே ஓடுகின்றன என்று எழுதியிருக்கிறார்.

ஆகவே வாயை மூடிக் கொண்டு கண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று புரிந்தது. எதைக் காட்டுவது?

குடம் கற்பித்த பாடம்

அதற்கு வழி காட்டியவர் எங்களைக் கடித்த தம்பியின் அம்மாதான். இரண்டாம் வாரம் நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்து விட்டு, “வீட்ல இவன் வரிசையிலேயே நிக்க மாட்டான் கண்ணு. ஆனா தண்ணி லாரி வந்தா தெருவுல இருக்கிற குடத்தையெல்லாம் இவன்தான் வரிசையா வைப்பான். ஒண்ணு கோணலா இருந்தாலும் விடமாட்டான்” என்றார்.

சிறப்பாசிரியை சட்டென்று நிமிர்ந்தார். எங்களுக்கும் விளங்கிற்று. நம் தெருக்களில் மனிதர் நிற்பதற்கு முன்பே குடங்கள் நின்று விடுகின்றன. அம்மா அடுப்படியில் இருப்பார்; அவருடைய பச்சைக் குடம் அவருக்காக வரிசையில் நிற்கும். அந்த இடத்தை யாரும் எடுத்துக் கொள்ள மாட்டார்கள். குடம் நகர்ந்தால் முறை நெருங்குகிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத ‘என் இடம்’, ‘என் முறை’ என்னும் இரண்டையும் குடம் கண்ணுக்குக் காட்டி விடுகிறது! தம்பிக்குப் பொருள்களின் வரிசை தெரியும். தானும் அந்த வரிசையில் ஒருவன் என்பதுதான் தெரியாது.

அடுத்த வாரம் ஏழு நிறங்களில் ஏழு சிறிய பிளாஸ்டிக் குடங்கள் வாங்கினோம். பிறகு நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறோம்.

முதற்படி: தரையில் ஒன்றரை முழ இடைவெளியில் ஏழு வட்டங்கள் வரைந்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் நிறக் குடத்தை ஒரு வட்டத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான், நிற்க வேண்டியதில்லை. வைத்தவுடன், “சிவப்புக் குடத்தை வட்டத்துல வெச்சுட்டே!” என்று செய்த செயலையே சொல்லிப் பாராட்டினோம். வெறும் “வெரி குட்” என்றால் எதற்காக என்று அவர்களுக்குப் புரிவதில்லை.

இரண்டாம் படி: குடத்திற்குப் பின்னால் வந்து நிற்றல். நாங்கள் ஐந்து வரை எண்ணுவோம், பிறகு போகலாம். ஐந்து பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று. இருபதிலிருந்து முப்பதுக்குப் போக மூன்று வாரங்கள் ஆயின. ஒரு வாரம் மீண்டும் பத்துக்கே இறங்கினோம்.

மூன்றாம் படி: குடம் நகர்தல். முதற்பிள்ளை குழாயில் கையலம்பியதும் எல்லாரும் குடத்தை எடுத்து அடுத்த வட்டத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் அவர்கள் முகத்தில் ‘முறை’ என்பது புரிந்த ஒளியைக் கண்டோம்.

நான்காம் படி: குடங்களை எடுத்து விட்டு, அதே நிறக் காகித வட்டம், பின்பு வெறும் கோடு, பின்பு ஒன்றுமில்லாத தரை. உதவியையும் இப்படியே குறைத்தோம். முதலில் கைபிடித்தல், பிறகு கை காட்டுதல், பிறகு கண் காட்டுதல், பிறகு ஒன்றுமில்லை. உதவி செய்யக் கற்பதைவிட உதவியை நிறுத்தக் கற்பதே எங்களுக்குக் கடினமாக இருந்தது.

யாரை எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு கலை. தொடுகை பிடிக்காத தம்பியை வரிசையின் கடைசியில் நிறுத்தினோம். பின்னால் யாரும் இல்லாததால் அவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பது நின்றது. துறுதுறுப்பான தம்பிக்குக் கதவைத் திறக்கும் பதவி கொடுத்து முதலில் நிறுத்தினோம். வேலை இருந்தால் அவன் கால்கள் காத்திருக்கின்றன.

அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990-களின் தொடக்கத்தில் ‘சமூகக் கதை’ என்னும் முறையை உருவாக்கினார். நடக்கப் போவதைச் சிறு சிறு வாக்கியங்களில், பிள்ளையே சொல்வது போல, அமைதியாகச் சொல்லி வைப்பது அது. நாங்களும் ஒன்று எழுதிப் படம் வரைந்தோம்: “நான் வரிசையில் நிற்பேன். எனக்கு முன்னால் ஒருவர் இருப்பார். சில நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது என் குடத்தைப் பார்க்கலாம். பிறகு என் முறை வரும்.” ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் இதைப் படித்த பின்பே வரிசை.

நடக்கும் வரிசை

அக்டோபர் மாதத்திற்குள் ஏழு பேரும் அறைக்குள் அழகாக நின்றார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் மீண்டும் தவறு செய்தோம். நிற்கத் தெரிந்தவர்களுக்கு நடக்கவும் தெரியும் என்று எண்ணி, ஒருநாள் அவர்களைத் தெருமுனை வரை அழைத்துச் சென்றோம். நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. ஏழு வயதுத் தங்கை காதைப் பொத்திக் கொண்டு, வரிசையை விட்டுச் சாலைப் பக்கமே ஓடி விட்டாள். பிடித்தது நாங்கள் அல்ல. ஓரத்தில் அமர்ந்திருந்த பூக்காரம்மா. தட்டிலிருந்த பூவெல்லாம் சிதற எழுந்து குழந்தையை வாரிக் கொண்டார். எங்கள் கைகால்கள் வெகுநேரம் நடுங்கின. துறைமுகத்திற்கும் தொழிற்சாலைகளுக்கும் இரவு பகலாக லாரிகள் ஓடும் நம் பகுதியில், வரிசையாக நடக்கத் தெரிவது உயிரைக் காக்கும் வித்தை என்பதை அன்று உணர்ந்தோம்.

அறையில் கற்றது தெருவில் தானாக வராது. ஒவ்வோர் இடத்திலும் புதிதாகக் கற்பிக்க வேண்டும் என்றார் சிறப்பாசிரியை. எங்கள் குழுத் தோழி ஒருத்தியின் தந்தை காசிமேட்டில் படகுத் தொழில் செய்கிறவர். அவர் பழைய வலைக்கயிற்றில் ஏழு வளையங்கள் முடிந்து, அவற்றில் ஏழு நிறத் துணி சுற்றிக் கொடுத்தார். கரைவலை இழுக்கும்போது எல்லாரும் கயிற்றைப் பற்றி ஒரே தாளத்தில் அடியெடுத்து வைப்பதைக் காட்டி, “கயிறு தொய்யவும் கூடாது, வெடுக்குன்னு இழுக்கவும் கூடாது. தொய்ஞ்சா பின்னால இருக்கிறவன் தூங்குறான், இழுத்தா முன்னால இருக்கிறவன் அவசரப்படுறான்” என்று சொல்லித் தந்தார்.

குடத்தின் நிறமே வளையத்தின் நிறமும். பிள்ளைகள் தம் நிறத்தைத் தாமே தேடிப் பிடித்தார்கள். முதலில் அறைக்குள் பத்தடி, பிறகு வராந்தா, பிறகு முற்றம், பிறகு லாரிகள் குறைவான அதிகாலை வேளையில் தெரு. ஹாரனுக்கு அஞ்சும் தங்கைக்குக் காதை மூடும் பஞ்சு வைத்த காதணை ஒன்றை அணிவித்தோம். சாலைப் பக்கம் எப்போதும் பெரியவர்கள் நடந்தோம். “முதலில் நடை, பிறகு இளநீர்” என்று இரண்டு படங்களை ஓர் அட்டையில் ஒட்டி முன்னால் பிடித்துக் கொண்டு சென்றோம். அந்த இளநீர்க் கடைக்காரர் இப்போது எங்களைக் கண்டதும் ஏழு ஸ்ட்ராக்களை எண்ணி வைத்து விடுகிறார்.

மெட்ரோ நிலையத்தில்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ல் நம் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. மெட்ரோ நுழைவாயிலில் ஒவ்வொருவராகத்தான் செல்ல முடியும். சீட்டைக் காட்டினால் கதவு திறக்கும். ஒருவர் போனதும் மூடும். இதைவிடக் கண்டிப்பான வரிசை ஆசிரியர் உண்டோ? பொங்கல் விடுமுறைக்குப் பின் ஒரு சனிக்கிழமை, தேரடியிலிருந்து விம்கோ நகர் வரை செல்வது என்று தீர்மானித்தோம். இரண்டே நிலையங்கள். இரண்டு வாரம் முன்னதாகவே நாற்காலிகளை வைத்து வகுப்பில் ஒத்திகை பார்த்தோம். நிலைய ஊழியர்களிடமும் முன்பே சொல்லி வைத்தோம்.

ஏழு பேரும் கயிற்றைப் பிடித்துப் படியேறினார்கள். வாயிலருகே கயிற்றைச் சுருட்டி விட்டோம். துறுதுறுப்புத் தம்பி முதலில் சென்றான். அடுத்து ஒவ்வொருவராக. கடைசியில் எங்களைக் கடித்த தம்பி. அவனுக்குப் பின்னால் இருந்த பயணி ஒருவர் அவசரத்தில் அவன் முதுகில் கை வைத்து விட்டார். எங்களுக்கு மூச்சே நின்றது. அவன் திரும்பினான், அலறவில்லை. ஓரடி தள்ளி நின்று, தரையைக் காட்டி, “என் குடம்” என்றான். அங்கே குடம் இல்லை, வட்டமும் இல்லை. அந்தப் பயணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஓரடி பின்னால் நகர்ந்து கொண்டார். தம்பி சீட்டைக் காட்டினான். கதவு திறந்தது. அவன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக் கொண்டார்.

எல்லாரும் வென்றார்கள் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். ஆனால் காதணை அணிந்த தங்கை வண்டியின் வாசல் வரை வந்து, கதவின் எச்சரிக்கை ஒலி கேட்டதும் நின்று விட்டாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. எங்களில் இருவர் அவளுடனும் அவள் பாட்டியுடனும் நடைமேடை இருக்கையில் அமர்ந்து, மற்றவர்கள் திரும்பி வரும் வரை போகிற வண்டிகளை எண்ணினோம். அடுத்த வாரம் அவளுக்கு அந்த ஒலியை மட்டும் மெல்லக் கேட்க வைத்துப் பழக்குகிறோம். அவள் தோற்கவில்லை, அவளுடைய வரிசை சற்று நீளமானது, அவ்வளவே.

நாம் செய்யக் கூடியவை

நம் தெருவிலும் உறவிலும் இத்தகைய பிள்ளைகள் இருப்பார்கள். கடையில் ஒரு பிள்ளை அலறினால், வளர்ப்புச் சரியில்லை என்று தாயைப் பார்த்து முணுமுணுக்க வேண்டாம். அவர்களுக்கு ஓரடி இடம் விடலாம். பின்னாலிருந்து தொடாமல் முன்னால் வந்து பேசலாம். “நில்லு, நில்லு” என்று பத்து முறை சொல்வதற்குப் பதிலாக, நிற்க வேண்டிய இடத்தைக் காட்டலாம். தம்பி தங்கையர்க்கு வீட்டிலேயே ஒரு குடத்தையோ தட்டையோ வைத்து ‘என் இடம், உன் இடம்’ விளையாடலாம். பெற்றோர் தயங்காமல் குழந்தையை மருத்துவரிடம் காட்டலாம். அரசுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர்கள் உதவுகிறார்கள். நம் நகரிலேயே 1985 முதல் வித்யாசாகர் நிறுவனமும், முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் பணியாற்றி வருகின்றன.

முடிவுரை

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பர் பெரியோர். எங்கள் பிள்ளைகளுக்கு ஓரடி எடுத்து வைக்க ஒரு மாதம் ஆனதுண்டு. ஆயினும் நகர்ந்தது அம்மி மட்டுமன்று, நாங்களும்தான். முன்பெல்லாம் காலை வழிபாட்டில் யாராவது வரிசை கலைத்தால் முறைப்போம். இப்போது, அவளுக்கு என்னவோ என்று பார்க்கிறோம்.

சிஸ்டர் கேட்ட கேள்விக்கு எட்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்கு விடை தெரிந்தது. பிள்ளைக்காகவே வரிசை. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. வர நேரமானாலும் அந்த இடம் காத்திருக்கும், தெருவில் நிற்கும் பச்சைக் குடத்தைப் போல. வரும் ஜூன் மாதம் நாங்கள் பதினோராம் வகுப்புக்குச் சென்று விடுவோம். ஏழு குடங்களும் ஒரு கயிறும் சமூக சேவை அறையின் அலமாரியில் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புத் தங்கையரே, சனிக்கிழமை காலை ஏழு மணி. மறவாமல் வாருங்கள்.